முழங்கைக்கு நாலு விரல் கீழே

"கையை மடக்குங்கம்மா," என்றார் கோவர்த்தனன்.

மடக்கினேன். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன முற்றத்தில், மதிலை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். தச்சர் என் முழங்கைக்குக் கீழே தன் நாலு விரலை வைத்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டார். பிறகு தரையிலிருந்து கோடு வரைக்கும் டேப்பை இழுத்தார்.

"முப்பத்திமூணு இஞ்சு. செருப்பு போட்டுக்கினு வேலை செய்வீங்களா, வெறுங்காலா?"

"வெறுங்கால்தான்."

"வேற யாரு நிப்பாங்க இதுகிட்ட?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"அப்போ உங்க அளவே போதும். வீட்ல நாலு பேரு இருந்தாதான் தொல்லை. ஒருத்தருக்கு முதுகு வலிக்கும், ஒருத்தருக்கு தோள்பட்டை வலிக்கும். உங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்ல."

நல்லதாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் போன பிறகு அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அறுபது வயதில் முதல் முறையாக ஒருவர் என்னை நிற்க வைத்து அளவெடுத்து ஒரு பொருள் செய்யப் போகிறார். என் சமையல் மேடை, மேஸ்திரி எல்லா வீட்டுக்கும் கட்டும் உயரத்தில் கட்டியது. முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில் என் மேஜை எனக்கு முன்னால் இருந்த ஒரு உயரமான மனிதருடையது. காலுக்குக் கீழே ஒரு மரப்பெட்டியைப் போட்டுக்கொண்டே ஓய்வு பெற்றேன்.

செடி மேஜை வேண்டும் என்று தோன்றியது முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு. குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொட்டிக்கு மண் மாற்றுவது, நாற்று பிரித்து நடுவது எல்லாம் குந்தியே செய்து பழகியவள் நான். ஒரு மாதம் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துச் செய்து பார்த்தேன். சேலையெல்லாம் மண்ணானதுதான் மிச்சம். கடையில் இரும்பு மேஜை பார்த்தேன். திருப்பதி வெயிலில் பத்து மணிக்கே கை வைக்க முடியாது. கடப்பா கல் போட்டுவிடலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கல்லும் அப்படித்தான் சுடும், தண்ணீரும் தேங்கும். கடைசியில் மரம் என்று முடிவு செய்தேன்.

"என்ன மரம் போடலாம்?" என்று கோவர்த்தனனைக் கேட்டேன்.

"செம்மரம் போட்ரலாம். ரெண்டு பேரும் சேர்ந்து ஜெயிலுக்குப் போயிட்டு வரலாம்." புத்தூர்க்காரர், முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். "வேம்பு போடுங்கம்மா. கசப்பு மரம், செல்லு கிட்ட வராது. பலகைக்குப் பலகை ரெண்டு நூலு, கால் இஞ்சு, இடம் விட்டு அடிக்கறேன், தண்ணி கீழ எறங்கிடும். மூணு பக்கமும் நாலு இஞ்சுக்கு விளிம்பு கட்டிட்டா மண்ணு சிதறாது. வார்னிஷ் மட்டும் கேக்காதீங்க. ஈர மண்ணு பட்டா ஆறு மாசத்துல தோலு மாதிரி உரிஞ்சிக்கினு வரும். ஆளிவிதை எண்ணெய் வாங்கி, மூணு மாசத்துக்கு ஒரு தபா துணில தொட்டுத் தேய்ங்க. காலுக்கடியில கல்லு வைங்க. அவ்ளோதான், நமக்கு அப்புறமும் நிக்கும்."

மேஜை வந்து ஐந்து மாதம் அதை அப்படியே பார்த்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் தென்னந்துடைப்பக் குச்சியால் பலகை இடுக்கில் சிக்கிய மண்ணைக் கிளறி எடுப்பேன். ஈரத் துணியால் துடைப்பேன். கீழ்த்தட்டில் எருவும் மணலும் தேங்காய்நார்த் தூளும் வேறு வேறு வாளியில். காலையில் சமையலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் அதன் முன்னால் நிற்பேன். முழங்கை தானாக மடங்கும் இடத்தில் பலகை இருக்கும். தோளைத் தூக்க வேண்டாம், முதுகை வளைக்க வேண்டாம். யாரோ என்னைப் பற்றி யோசித்து வைத்தது போல இருக்கும். யோசித்தவள் நான்தான் என்பதும் உடனே நினைவுக்கு வரும்.

என் தம்பி நாகபூஷணம் நகரியில் இருக்கிறான். எட்டு பவர்லூம் வைத்திருக்கிறான். நகரியிலிருந்து என் வீட்டுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் என் வீட்டுக்கு என்று யாரும் வருவதில்லை. மலைக்கு வருவார்கள். போகும் வழியில் என் வீடு. குளித்து, துணி மாற்றி, சாப்பிட்டு, பெட்டிகளை வைத்துவிட்டு மேலே போவார்கள். தம்பி குடும்பம் மட்டும் இல்லை. சித்தப்பா பிள்ளைகள், அவர்கள் சம்பந்தி வீட்டார், கார்வேட்டிநகரத்து உறவுக்காரர்கள் என்று வருடத்துக்குப் பத்து முறையாவது ஹால் முழுக்கப் பாய் விரிந்திருக்கும். திருப்பதியில் வீடு உள்ள யாருக்கும் இது புதிதில்லை.

தரிசனம் முடிந்து இறங்கி வரும்போது மட்டும் உள்ளே வர மாட்டார்கள். மலையிலிருந்து இறங்கினால் நேராகத் தன் வீட்டுக்குத்தான் போக வேண்டும், நடுவில் வேறு வீட்டில் நுழைந்தால் சேவித்த பலன் அந்த வீட்டிலேயே தங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதனால் வண்டி கேட்டுக்கு வெளியே நிற்கும். நான் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கேட்டுக்கு மேலாக ஒரு லட்டு வரும். டிரைவர் இன்ஜினைக்கூட அணைக்க மாட்டான். முப்பது வருடமாக இப்படித்தான். இத்தனை பேர் இறங்கிப் போயும் யாருடைய பலனிலும் ஒரு துளி என் வீட்டில் சிந்தியதில்லை.

இதைக் குறையாகச் சொல்ல ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. நானும் அந்த வீட்டில் பிறந்து அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள்தானே.

பங்குனியில் தம்பி போன் செய்தான். மகள் ரேகாவுக்குக் கல்யாணம் கூடிவிட்டது, முதல் பத்திரிகையை மலையில் பெருமாளிடம் வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வருகிறோம் என்றான்.

ரேகா சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். இருபத்தெட்டு வயது. இரண்டு இடம் கைகூடி வந்து நழுவிப் போயிருந்தது. அந்த நாட்களில் தம்பி மனைவி ஸ்வர்ணலதா போனில் பேசும்போது, "பொண்ணு தனியா நின்னுடுமோன்னு பயமா இருக்குது அண்ணி," என்பாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்து, பேச்சை அவசரமாக மாற்றுவாள். நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிடுவேன். என்னைப் பெண் பார்க்க வருவது இருபத்தேழு வயதோடு நின்றது. அதற்கு ஒரு தனிக் காரணமும் இல்லை. அப்பா போனார், இந்த வேலை வந்தது, இங்கே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வேன் வந்தது. தம்பி, ஸ்வர்ணலதா, ரேகா, ஸ்வர்ணலதாவின் அம்மா. தம்பி வழக்கம் போல நேராகச் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

"இன்னாக்கா, மோர் இல்ல? வெயிலு கொளுத்துது."

"மூடி போட்ட சொம்புல இருக்குது பாரு."

ஸ்வர்ணலதா என் பீரோவைத் திறந்து துண்டு எடுத்துக்கொண்டாள். குளியலறை பின் முற்றத்தில் இருக்கிறது. குளிக்கப் போகும் வழியில் அவள் செடி மேஜையைப் பார்த்தாள்.

"அண்ணி, இது எப்போ செஞ்சீங்க? நல்ல உயரமா இருக்குது. துணி மாத்தறதுக்குக் குனிய வேணாம்."

நான் அடுப்பில் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்ப்பதற்குள் ஐந்து பெட்டியும் மேஜை மேல் ஏறிவிட்டன. கத்தரி நாற்றுக் குழித்தட்டுகளை எடுத்துத் தரையில் வெயிலில் வைத்திருந்தார்கள். ஒன்று சாய்ந்து கிடந்தது. அதில் பாதி நாற்றுகள் வேரோடு வெளியே வந்து, ஈரச் செருப்புத் தடத்துக்குப் பக்கத்தில் கிடந்தன.

"மண்ணு இருந்திச்சிக்கா, தட்டிட்டேன்," என்றான் தம்பி, பலகையைக் கையால் வழித்துவிட்டு. "இது எதுக்கு? பெட்டி வைக்கவா?"

"செடிக்கு."

"செடிக்கு மேஜையா." சிரித்தான். "நல்லா இருக்கற, போ. எங்களுக்குச் சோறு துன்னவே மேஜை இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெட்டியை ஹாலில் வையுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று வார்த்தை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வருவதற்கு அவர்களுக்கு இருக்கும் ஒரே காரணம் பெட்டி வைக்க இடம். அதிலும் நான் குறை சொன்னால் அடுத்த முறை பஸ் ஸ்டாண்டு கிளோக் ரூமில் வைத்துவிட்டு நேராக மேலே போய்விடுவார்கள். இந்தப் பயம் எனக்குள் எத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறது என்று அன்று சாம்பாரைக் கிளறியபடி எண்ணிப் பார்த்தேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பத்திரிகைக் கட்டை ஸ்வர்ணலதா மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து, "பெருமாளுக்கு வச்சிட்டுதான் அண்ணி மத்தவங்களுக்கு," என்றாள்.

"தெரியும்மா," என்றேன்.

சனிக்கிழமை மதியம் வேன் இறங்கி வந்தது. ஹார்ன் அடித்தது. தம்பி கேட்டுக்கு வெளியே மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நின்றான். நான் பின் முற்றத்துக்கும் கேட்டுக்குமாக ஐந்து முறை நடந்தேன். மூன்றாவது முறை முட்டி பிடித்துக்கொண்டது. ஹால் சுவரில் கையை ஊன்றி நின்றேன். வேன் ஜன்னலிலிருந்து ரேகா பார்த்துவிட்டாள்.

"அத்தை, இருங்க, நான் வந்து எடுத்துக்கறேன்."

"ஏய், உக்காரு வண்டில," என்றாள் ஸ்வர்ணலதா. குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. "கல்யாணப் பொண்ணு. நேரா வீட்டுக்குதான் போவணும். அண்ணி தப்பா நெனச்சுக்க மாட்டாங்க."

"ரெண்டு நிமிஷம்மா. அவங்களுக்கு முட்டி வலிக்குது."

"சொன்னா கேளு. இத்தினி வருசத்துக்கு அப்புறம் கூடி வந்திருக்குது."

ரேகா என்னைப் பார்த்தாள். நான், "உக்காரும்மா, ரெண்டுதான் பாக்கி," என்றேன். எந்த வீடாக இருந்தாலும் இதையேதான் ஸ்வர்ணலதா சொல்லியிருப்பாள். ஆனால் கல்யாணம் ஆகாத அத்தையின் வீடு என்பது அவள் மனதில் ஒரு ஓரத்தில் இல்லாமல் இருந்திருக்காது. என் மனதிலேயே இருந்தது. அதனால்தான் நான் வற்புறுத்தவில்லை. நாளை ஏதாவது என்றால், அன்றைக்கு அத்தை வீட்டில் கால் வைத்தோமே என்று ஒரு பேச்சு வரும். அதைவிட முட்டி வலி பரவாயில்லை.

வேன் போன பிறகு மேஜையைத் துடைத்தேன். பெட்டிச் சக்கரம் ஒன்று பலகையில் வளைவாகக் கீறியிருந்தது. சாய்ந்த நாற்றுகளில் பதினொன்று பிழைத்தன.

என் பத்திரிகைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எனக்குச் சாதகமாகவே இருந்தது. மலைக்கு முன்னால் தர முடியாது, மலையிலிருந்து இறங்கும்போதும் தர முடியாது. கேட்டுக்கு மேலாக நீட்டுகிற பொருளும் இல்லை அது. தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்து, வீட்டுக்குள் வந்து, நிற்க வைத்துக் கொடுக்க வேண்டும். அதனால் அவர்கள் இன்னொரு நாள் வந்தே ஆக வேண்டும். மலைக்கு இல்லாமல், எனக்கென்று. யோசிக்க யோசிக்க, வெட்கத்தோடு சொல்கிறேன், நாட்காட்டியில் நல்ல நாளெல்லாம் பார்த்து வைத்தேன். காபிப் பொடி புதிதாக அரைத்து வாங்கினேன்.

இரண்டு வாரம் கழித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் பத்திரிகையின் படம் வந்தது. அடுத்த நாள் ஏதோ கேட்க ஸ்வர்ணலதாவுக்குப் போன் செய்தேன். பேச்சுவாக்கில் சொன்னாள்: "திருப்பதி முடிஞ்சிச்சி அண்ணி. திங்கக்கிழமை வந்து வெங்கடரமணன் வீட்ல வச்சிட்டு வந்துட்டோம்."

வெங்கடரமணன் தம்பிக்கு நூல் கொடுக்கும் வியாபாரி. என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறார்.

அன்று மாலை தம்பியைக் கூப்பிட்டேன். பின்னால் தறி ஓடும் சத்தம்.

"இன்னாக்கா, கார்டு பாத்தியா? ரேகாதான் டிசைன் சொல்லிச்சி."

"நல்லா இருக்குது. நாகு, வெங்கடரமணனுக்குத் தட்டு வச்சி குடுத்தியாமே."

"ஆமா. போவாம இருந்தா தப்பா நெனச்சுக்குவாங்க."

"எனக்கு?"

"உனக்கு எதுக்குக்கா பத்திரிகை? நீ வீட்டு மனுஷி. வர்றவங்கள வான்னு கூப்பிட்டுக்கினு வாசல்ல நிக்கப் போறவ."

வேறு யாராவது கேட்டால் இதைவிடப் பாசமான பேச்சு இல்லை என்பார்கள். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. போனை வைத்திருக்கலாம்.

"மலையிலிருந்து எறங்கி வந்து கேட்டுக்கு வெளியில நின்னியே. அது ஏன்?"

"அது பழக்கம்க்கா. உனக்குத் தெரியாதா? வேற வீட்டுக்குள்ள போவக் கூடாது."

"வேற வீடு."

"ஆமா, வேற..." நிறுத்திவிட்டான்.

"பெட்டி தூக்கச் சொல்ல வேற வீடு. பத்திரிகைன்னு வந்தா வீட்டு மனுஷி. ரெண்டுல ஒண்ணு சொல்லு, நாகு. எதுவா இருந்தாலும் பரவால்ல. ஒண்ணு சொல்லு."

தறிச் சத்தம் குறைந்தது. நடந்து வெளியே வந்திருப்பான்.

"இன்னாக்கா நீ, சின்னப் புள்ள மாதிரி," என்றான். அப்புறம் நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தான். "வரோம். வியாழக்கிழமை வரோம். சாய்ந்தரமா."

வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்தார்கள். ஸ்வர்ணலதா பட்டுச் சேலையில் இருந்தாள். தம்பி வெள்ளை வேட்டி. செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டார்கள். உள்ளே வந்து, நான் சொல்லும்வரை நின்றார்கள். சொன்ன பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள்.

"தண்ணி?" என்றேன்.

"குடுக்கா," என்றான் தம்பி. ஃபிரிட்ஜ் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எழுந்திருக்கவில்லை. நான் டம்ளரில் கொண்டுவந்தேன். வாயில் வைத்து, பாதி குடித்து, கீழே வைத்தான்.

தட்டில் பழம், வெற்றிலை, ஒரு ரவிக்கைத் துணி, பத்திரிகை. "கெழக்க பாத்து நில்லுங்க அண்ணி," என்றாள் ஸ்வர்ணலதா. நின்றேன். குங்குமம் கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தட்டை நீட்டினார்கள். "அவசியம் வந்து கல்யாணத்தை நடத்திக் குடுக்கணும்," என்று தம்பி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். வெங்கடரமணன் வீட்டிலும் இப்படித்தான் சொல்லியிருப்பான். உறைமேல் ஸ்வர்ணலதாவின் கையெழுத்தில், 'தாட்சாயணி அண்ணி குடும்பத்தாருக்கு' என்று இருந்தது. எல்லா உறையிலும் எழுதிய கை, பழக்கத்தில் எழுதியிருக்கும்.

வாங்கிக்கொண்டேன். கேட்டது கிடைத்துவிட்டது. எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் என் தம்பி என் வீட்டில் ஒரு விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தான், நான் அவனுக்கு விருந்தாளியைப் போலத் தட்டு வாங்கி நின்றேன். இரண்டில் ஒன்று சொல் என்று கேட்டேன். சொல்லிவிட்டான்.

காபிக்குப் பிறகு, "கை கழுவிக்கலாமாக்கா?" என்று கேட்டான்.

இந்த வீட்டில் அவன் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. பின்பக்கம் போகச் சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே போனேன். குழாயை மூடிவிட்டுச் செடி மேஜையின் முன்னால் நின்றான். பிழைத்த கத்தரி நாற்றுகள் ஒரு பக்கம், சாமந்திப் பதியன்கள் ஒரு பக்கம். பலகையில் அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தான்.

"எங்க பெட்டியா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம் இல்ல அன்னிக்கே."

"சொல்லியிருக்கலாம்."

மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினான். அவன் உயரத்துக்கு அது மிகவும் தாழ்ந்திருந்தது. கூன் விழுந்தவன் மாதிரி தெரிந்தான். தலையில் முடி ஈர்க்குச்சி நுனிபோல முளைக்க ஆரம்பித்திருந்தது. அதில் பாதி வெள்ளை.

"இவ்ளோ குள்ளமா செஞ்சிருக்கறாங்க," என்றான்.

"எனக்குச் செஞ்சது."

தலையை ஆட்டினான். அதற்குள் ஸ்வர்ணலதா ஹாலிலிருந்து கூப்பிட்டாள். புத்தூரில் இன்னும் இரண்டு வீடு பாக்கி, ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும் என்றாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வரோம் அண்ணி," என்று இரண்டு முறை சொன்னாள். நான் கேட் வரைக்கும் போனேன். இந்த முறை என் கையில் பெட்டி இல்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கார் திரும்பியதும் உள்ளே வந்தேன். பட்டென்று துணி மாற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். கத்தரி நாற்றுகள் குழித்தட்டை மீறி வளர்ந்துவிட்டன. தொட்டிக்கு மாற்ற வேண்டிய நாள் தாண்டியிருந்தது. எருவையும் மணலையும் பலகைமேல் கொட்டிப் பிசைந்தேன். இருட்டுவதற்குள் எட்டுத் தொட்டி முடிந்தது. மூன்று நாற்றுக்கு மண் போதவில்லை.